சீவாளி: திருக்கோயில் நாதத்தின் நாவு

(சங்ககிரியில் இறையன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருக்கோயிலுக்குச் செல்லும்போது இறைவனின் திருவுருவம் நம் கண்களுக்குப் புலனாவதற்கு முன்பே நம் செவிகளை வந்து அடைவது ஒன்று உண்டு. அதுவே மங்கல இசை. சித்திரைத் திருவிழாவில் சென்னகேசவப் பெருமாள் நம் மலையிலிருந்து இறங்கி வரும்போதும், வைகாசி விசாகத்தையொட்டித் திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரர் தேரில் எழுந்தருளும்போதும், கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்குச் சுவாமி தெரிவதில்லை. நாதஸ்வரத்தின் ஓசை கேட்கிறது. "சுவாமி புறப்பட்டுவிட்டார்" என்று கைகூப்புகிறோம். புறப்பாட்டின் தொடக்கத்தில் மல்லாரி ஒலித்துவிட்டால், அதைக் கேட்டே தோள் கொடுப்பவர்கள் ஆயத்தமாகிறார்கள்.

அந்த ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டால், "நாதஸ்வரத்திலிருந்து" என்போம். நாதஸ்வரத்தின் எந்த இடத்திலிருந்து என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. அந்த இடத்தைப் பற்றியும், அதைச் செய்து தருகின்ற எளிய கைகளைப் பற்றியும் இன்று உங்களோடு சில சொற்கள் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

உதிரிப்பாகம் அறிந்த ஊர்

சங்ககிரி மக்களுக்கு உதிரிப்பாகத்தின் அருமையை யாரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. லாரித் தொழிலால் பெயர் பெற்ற ஊர் இது. பல இலட்சம் ரூபாய் பெறுமானமுள்ள லாரி, சிறியதொரு வாசர் தேய்ந்து போனதால் நெடுஞ்சாலையோரம் ஒருநாள் முழுதும் நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வண்டியின் மதிப்பு பெரிது. அதை நகர்த்துவதோ நூறு ரூபாய்ப் பொருள்.

நாதஸ்வரமும் அப்படிப்பட்டதே. அதன் உறுப்புகளை மேலிருந்து கீழாகக் காண்போம். கலைஞர் வாயில் வைத்து ஊதும் பகுதி சீவாளி. அதைத் தாங்கி நிற்கும் சிறு உலோகக் குழாய் கெண்டை. கெண்டை பொருந்தும் நீண்ட மரக்குழல் அதன் உடல். மேலே ஒடுங்கியும் கீழே போகப் போக விரிந்தும் உள்ளே துளையிடப்பட்டிருக்கும். அடியில் மலர்ந்த பூவைப் போல் விரிந்திருப்பது அணசு. குழலில் விரல் வைத்து வாசிப்பதற்கு 7 துளைகள் உண்டு. அவற்றின் கீழே சுருதியைச் செம்மை செய்வதற்கென்று 5 துளைகள் உண்டு. தேவைக்கேற்ப அவற்றை மெழுகால் அடைத்துக்கொள்வர்.

இவற்றுள் குழல், நன்கு பேணினால் தலைமுறை தாண்டியும் பயன்படும். கெண்டையும் நெடுங்காலம் வரும். அணசுக்குப் பொன்முலாம் பூசி அழகு பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் சீவாளியின் ஆயுளோ நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் எண்ணத்தக்கது. ஓசை பிறப்பதும் அதனிடத்தில்தான்.

குழல் பிறக்கும் ஊர்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் வழியில் நரசிங்கம்பேட்டை என்னும் சிற்றூர் உள்ளது. நாதஸ்வரக் குழல்களைச் செய்வதற்குப் புகழ் பெற்ற ஊர் அது. ஆச்சா மரத்தால் குழல் செய்வது அங்குள்ள ஆசாரிகளின் மரபு. புதிதாக வெட்டிய மரம் அதற்கு உதவாது. ஈரம் முற்றிலும் வற்றி, காலத்தால் இறுகிய மரமே வேண்டும். ஆகவே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்கி, பட்டறையில் கடைந்து, நீண்ட துரப்பணங்களால் துளையிடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கிய மரம், பிற்காலத்தில் இறைவனின் திருமுன் இசைக்கருவியாகிறது.

பழங்காலத்தில் திமிரி என்னும் குட்டையான நாதஸ்வரமே பெரிதும் வழங்கியது. அதன் சுருதி மிக உயர்ந்தது. திருவாவடுதுறை டி.என்.இராஜரத்தினம் பிள்ளை அவர்கள் (1898–1956) சுருதி தாழ்ந்த, நீளமான பாரி நாதஸ்வரத்தை நிலைபெறச் செய்தார்கள். அவருடைய கருத்துக்கு இசைந்த குழலைச் செய்து தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவர்கள். முந்தைய குழல்களில் சரியாக அமையாதிருந்த சுத்த மத்தியமம் அவர் செய்த குழலில் செவ்வையாக அமைந்தது. வாசிக்கின்ற மேதையும், செய்து தருகின்ற மேதையும் ஒருவரையொருவர் கண்டுகொண்டதால் விளைந்த பேறு அது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

நாவு பிறக்கும் ஊர்

நரசிங்கம்பேட்டைக்கு அண்மையிலேயே உள்ளது திருவாவடுதுறை. ஆதீனத் திருமடத்தாலும், இராஜரத்தினம் பிள்ளை அவர்களின் பெயராலும் உலகம் அறிந்த ஊர். சீவாளி செய்யும் குடும்பங்கள் வாழும் ஊரும் அதுவே. பெரிய தொழிற்கூடம் எதுவும் அங்கே இல்லை. வீட்டுத் திண்ணையும் கூடமுமே பட்டறை. கத்தி, நூல், சிறு கட்டை, ஊசி ஆகியவற்றோடு மனிதனின் கையும் காலுமே கருவிகள்.

மூலப்பொருள் நாணல் வகையைச் சேர்ந்த ஒரு தட்டை. கொறுக்குத் தட்டை என்பர். காவிரிப் படுகையில் நீர்க்கரையோரம் வளர்வது. நம் ஊருக்கு மேற்கே பவானியையும் குமாரபாளையத்தையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறதே, அதே காவிரிதான் நெடுந்தொலைவு சென்று அங்கே அந்த நாணலுக்கு நீர் வார்க்கிறது. எனவே திருவாவடுதுறைச் சீவாளி நமக்கு அயலூர்ப் பொருள் அன்று. நாம் பருகும் ஆற்றின் கொடையே.

அறுத்து வந்த தட்டையை உடனே பயன்படுத்துவதில்லை. காயவைத்து, நெடுநாள் இருப்பில் வைத்துப் பக்குவப்படுத்துவர். பிறகு உரிய பருமனுள்ளவற்றைத் தேர்ந்து அளவாக நறுக்குவர். நெல் அவிக்கும்போது அதனோடு சேர்த்து வேகவைப்பது மரபு. அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் தட்டை இளகிப் பதமாகிறது. உருண்டையாக இருந்த அந்தச் சிறு குழாயைக் குதிகாலால் அழுத்தித் தட்டையாக்குவர். மிகுதியாக அழுத்தினால் பிளந்துவிடும்; குறைவாக அழுத்தினால் வாய் மூடாது. அந்த அளவை எந்த அளவுகோலும் சொல்லித் தராது, காலே அறியும். பின்னர் கெண்டையில் பொருந்தும் அடிப்பகுதியை நூலால் இறுக்கிக் கட்டி, வாய்ப்பகுதியைக் கத்தியால் சீவிச் செம்மைப்படுத்துவர். ஒரே தட்டையின் இரண்டு பக்கங்களும் இப்போது இரண்டு இதழ்களாகிவிடுகின்றன.

அவ்விதழ்களின் இடையே மெல்லிய இடைவெளி உள்ளது. கலைஞர் ஊதும்போது அவை நொடிக்குப் பல நூறு முறை மூடித் திறக்கின்றன. அந்த அதிர்வே குழலுக்குள் இருக்கும் காற்றை இயக்கி நாதமாகிறது. உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் வேகத்தையும் சற்றே மாற்றினால் சுரம் வளைகிறது, கமகம் பிறக்கிறது. புல்லாங்குழலில் காற்று துளையின் விளிம்பில் மோதி ஒலிக்கிறது. நாதஸ்வரத்திலோ உயிருள்ள நாவு போல ஒன்று அசைந்தாக வேண்டும். இதனை 'ஜீவாளி' என்று எழுதி, ஜீவனை அளிப்பது என்று பொருள் கொள்வோரும் உண்டு. பொருத்தமான பொருள்தான்.

ஆனால், அசைந்து அசைந்தே தேய்வது அதன் இயல்பு. கலைஞரின் வாய் ஈரத்தில் ஊறி, மீண்டும் உலர்ந்து, மீண்டும் ஊறி, நாளடைவில் அது தளர்ந்துவிடுகிறது. சில நேரம் வாசிப்பின் நடுவிலேயே கீறிவிடுகிறது. நாதஸ்வரத்தின் மேற்பகுதியில் சில சீவாளிகளும் ஒரு சிறு ஊசியும் கயிற்றில் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். குழந்தைகள் அவற்றை அணிகலன் என்று எண்ணுவர். ஊசி, சீவாளியின் வாயைத் துப்புரவு செய்யவும் திருத்தவும் பயன்படுவது. தொங்கும் சீவாளிகள் மாற்று உறுப்புகள். தேர் நிலைக்கு வரும் நேரத்தில் ஒன்று கீறிவிட்டால், தவில்காரர் தனித்து வாசிக்கும் சிறு இடைவெளியில் மேளக்காரர் வேறொன்றை மாற்றிக்கொள்கிறார். சுவாமிக்கு முன்னால் நாதம் அறுபடாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

கல்லால் ஆகாதது

நம் முன்னோர் கல்லில் இசையை எழுப்பியவர்கள். இசைத் தூண்களைப் பல திருக்கோயில்களில் கண்டிருக்கிறோம். கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் திருக்கோயிலிலும், ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் திருக்கோயிலிலும் கல்லாலேயே செய்யப்பட்ட நாதஸ்வரங்கள் இருக்கின்றன. குழல் முழுவதையும் கல்லில் கடைந்து துளையிட்ட அந்தச் சிற்பியின் திறத்தை என்னென்று வியப்பது!

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். குழலைக் கல்லால் செய்யலாம், மரத்தால் செய்யலாம், பொன்னால் போர்த்தலாம். ஊதுகின்ற நாவுக்கு மட்டும் ஆற்றங்கரை நாணலே வேண்டியிருக்கிறது. கல் நாதஸ்வரமும் அந்த எளிய தட்டை இல்லாவிட்டால் வெறும் கல்லே.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. வடநாட்டில் ஷெனாய் மேதை உஸ்தாத் பிஸ்மில்லா கான் அவர்கள் (1916–2006) பீகாரிலுள்ள தும்ராவ் என்னும் ஊரில் பிறந்தவர்கள். 2001ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது பெற்றவர்கள். அந்த ஊர்ப் பக்கத்தில் சோன் ஆற்றங்கரையில் வளரும் நாணல்தான் ஷெனாயின் நாவாகிறது. மேனாட்டு ஓபோ என்னும் கருவிக்கும் இரட்டை இதழ்தான். அதற்குரிய நாணலுக்குப் பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள வார் மாவட்டம் பெயர் பெற்றது. ஓபோ கலைஞர்களில் பலர் தமக்கு வேண்டிய நாவைத் தாமே கத்தியால் சீவிக்கொள்கின்றனர். பிளாஸ்டிக் நாவுகளும் அங்கே வந்துவிட்டன. ஆயினும் நாணலை விடாதவர்கள் இன்றும் ஏராளம். மொழி வேறு, நாடு வேறு, சமயம் வேறு. ஆற்றங்கரைப் புல்லின் முன் எல்லாக் கலைஞர்களும் ஒன்றுதான்.

நிற்க வைக்கும் கவலை

அன்பர்களே, இப்போது சற்றே கசப்பான செய்திக்கு வருகிறேன். கெண்டை பழுதுபட்டால் நம் ஊர்ப் பொற்கொல்லரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வழியுண்டு. அணசு உடைந்தால் நல்ல கடைசல் பட்டறைக்காரர் பார்த்துச் செய்துவிடக் கூடும். சீவாளிக்கு அவ்வாறு இல்லை. சில குடும்பங்களின் கையிலும் காலிலும் மட்டுமே இருக்கின்ற அறிவு அது. தந்தை அருகே அமர்ந்து பல ஆண்டுகள் பழகினாலன்றி வராது. புத்தகத்தைப் பார்த்துக் கற்க இயலாது. ஒரு தலைமுறை அதை விட்டுவிட்டால் அடுத்த தலைமுறை மீட்டெடுப்பது மிகக் கடினம்.

விடுவதற்குக் காரணங்களும் இல்லாமல் இல்லை. நாணல் பயிரிட்டு விளைவிக்கும் பொருள் அன்று. கரையோரம் தானே வளர்ந்தால்தான் உண்டு. ஒவ்வொரு சீவாளியும் கையாலேயே செய்யப்படுவதால் ஒருவர் ஒருநாளில் செய்வதற்கு ஓர் எல்லை உண்டு. வருவாயோ வாசிப்பவரின் வருவாயைப் பொறுத்தது. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய்த்தொற்றால் திருவிழாக்கள் நின்றன, திருமணங்கள் சுருங்கின. மேளக்காரருக்கு அழைப்பு இல்லை. வாசிக்காத நாதஸ்வரத்துக்குச் சீவாளி எதற்கு? ஆகவே மேடையில் இருந்தவரின் துன்பம் திண்ணையில் இருந்தவரையும் சேர்த்தே தாக்கியது. மேளக்காரரின் துன்பமாவது ஊருக்குத் தெரிந்தது. சீவாளி செய்பவரை நினைத்தவர் யார்?

நம் கோயில்கள் பலவற்றில் இப்போது மின்சாரத்தால் இயங்கும் மேளமும் மணியும் வந்துவிட்டன. தீபாராதனையின்போது விசையைத் தட்டினால் அது முழங்குகிறது. அதை வைத்தவர்களைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. நாள்தோறும் மேளக்காரரை அமர்த்த இயலாத சிறு கோயில்களில் ஆள் இல்லாத குறையை அது நிரப்புகிறது. ஆயினும் அது காலையும் மாலையும் ஒரே வகையாகத்தான் ஒலிக்கும். காலைக்கு ஒரு இராகம், மாலைக்கு ஒரு இராகம், பள்ளியறைக்கு ஒரு இராகம் என்று காலத்துக்கேற்ப இறைவனை இசையால் வழிபட்ட மரபை அந்தப் பெட்டி அறியாது. எல்லாக் கோயிலிலும் பெட்டியே போதும் என்று நாம் முடிவு செய்யும் நாளில், சீவாளி செய்பவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். அதன்பின் பெருங்கோயில்களில் வாசிக்கப் பெருங்கலைஞர்கள் இருந்தாலும், அவர்கள் கையில் இருப்பது ஊமைக் குழலாகவே இருக்கும்.

ஒத்து என்னும் கருவியை நினைவிருக்கிறதா? நாதஸ்வரம் போன்றே தோற்றம். விரல் துளைகள் இல்லாதது. சுருதி மட்டும் ஊதுவது. நாதஸ்வரக் குழுவில் ஒருவர் இடைவிடாமல் அதை ஊதிக்கொண்டிருப்பார். சுருதிப்பெட்டி வந்தபின் ஒத்து ஊதுவோரைக் காண்பது அரிதாயிற்று. 'ஒத்து ஊதுதல்' என்னும் வழக்குச்சொல் மட்டும் நம் வாயில் மீந்திருக்கிறது. ஒரு கருவி வழக்கொழிவதற்கு யாரும் ஆணையிட வேண்டியதில்லை. எல்லோரும் மறந்தாலே போதும்.

நாம் செய்யத்தக்கது

"இவ்வளவு பெரிய செய்திக்கு நாங்கள் என்ன செய்ய இயலும்?" என்று நீங்கள் கேட்கலாம். எளிய வழிகள் உண்டு.

நம் மக்கள் உபயம் செய்வதில் சளைத்தவர்கள் அல்லர். விளக்கு உபயம், மாலை உபயம், அன்னதான உபயம், மின்விசிறி உபயம் என்று பட்டியல் நீள்கிறது. சில இடங்களில் குழல்விளக்கின் மேல் உபயதாரர் பெயரை எழுதி எழுதி வெளிச்சமே குறைந்துவிடுவதும் உண்டு! அந்தப் பட்டியலில் 'சீவாளி உபயம்' என்று ஒரு வரியைச் சேர்த்தால் என்ன? திருவிழாத் தொடங்குமுன் கோயில் மேளக்காரருக்கு அந்த ஆண்டுக்கு வேண்டிய சீவாளிகளை வாங்க உதவுவது பெருஞ்செலவன்று. அதில் பெயர் பொறிக்க இடம் இருக்காது. ஆனால் புறப்பாட்டில் எழும் ஒவ்வொரு சுரத்திலும் அந்த உபயம் ஒலிக்கும்.

ஒன்றை மட்டும் கருத்தில் கொள்க. நாமாக வாங்கிக் கொடுத்துவிடுதல் தகாது. குழலின் சுருதிக்கு ஏற்பச் சீவாளியின் அளவு மாறும். வாசிப்பவரின் உதட்டுக்கும் மூச்சுக்கும் ஏற்பவும் மாறும். ஒருவரின் மூக்குக்கண்ணாடி மற்றவருக்குப் பொருந்துமா? எனவே கலைஞரிடமே கேட்டு, அவர் நம்பி வாங்குகின்ற பட்டறையிலேயே வாங்கச் செய்ய வேண்டும். அப்போது நாம் அளிக்கும் தொகை வாசிப்பவருக்கும் செய்பவருக்கும் ஒருங்கே சென்று சேரும்.

இரண்டாவது, நம் இல்லத் திருமணங்களில் மேளக்காரரை நடத்தும் முறை. முகூர்த்தத்தின்போது "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று விரல் காட்டுவதோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது. அவர் அமர நல்ல இடமும், பருக நீரும், வாசிக்கச் சிறிது நேரமும் தந்தால், அவர் தம் பிள்ளைக்கும் இக்கலையைக் கற்பிக்க மனம் கொள்வார்.

மூன்றாவது, நம் பிள்ளைகள். சேலத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் அங்கே பயிற்றுவிக்கப்படுகின்றன. இது இன்ன குலத்தாருக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. ஆந்திர நாட்டில் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து, திருவரங்கத்தில் வாழ்ந்து, நாதஸ்வரத்துக்குத் தம்மையே அளித்த ஷேக் சின்ன மௌலானா அவர்களை (1924–1999) நாடு போற்றியது. காற்றுக்குக் குலம் ஏது? நாணலுக்குச் சமயம் ஏது?

வாசிக்கப் பிள்ளைகள் வந்தால் குழல் கடைபவருக்குப் பணி உண்டு. குழல் கூடினால் சீவாளிக்குத் தேவை கூடும். தேவை கூடினால் திண்ணையில் இருக்கும் தந்தையின் அருகே மகன் அமர்வான். இந்தச் சங்கிலியின் முதற்கண்ணி நம்முடைய செவியில்தான் இருக்கிறது. கேட்பவர் உண்டு என்றால் எல்லாம் உண்டு.

ஆகவே அன்பர்களே, இனி திருக்கோயிலில் நாதஸ்வரம் ஒலிக்கும்போது ஒரு கணம் நின்று கேளுங்கள். இறைவனை வணங்குங்கள், வாசிக்கும் கலைஞரை வணங்குங்கள். நெல்லோடு வெந்து, குதிகாலின் கீழ் மிதிபட்டு, கத்தியால் சீவப்பட்டு, நூலால் கட்டுண்டு, இறுதியில் ஆண்டவனைப் பாடுகின்ற அந்த நாணலையும், அதை அவ்வாறு ஆக்கித் தந்த பெயர் அறியாத கைகளையும் மனத்தால் வணங்குங்கள். அவர்கள் வாழ்ந்தால் நம் கோயில்களில் நாதம் வாழும்.